உருட்டிப் பார்க்காத தண்டு

அந்த வட்டாரத்தில் அவருக்கு உருட்டுக்காரர் என்று பெயர். பெயரைக் கேட்டதும் ஊரை ஏமாற்றிப் பிழைக்கும் ஆசாமி என்று எண்ணிவிடாதீர்கள். வாய்தவறிக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். நகராட்சியின் பூவெளியில் முப்பத்தொரு வருடமாகக் களையெடுக்கிற வேலை. யார் எந்தச் செடியைப் பிடுங்கி வந்து “இது களையா இல்லையா?” என்று கேட்டாலும், முதலில் கையுறையைக் கழற்றச் சொல்வார். பிறகு தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, “உருட்டிப் பாரு” என்பார். அவ்வளவுதான் அவருடைய பாடம். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

பூவெளி என்றால் பூங்கா இல்லை. ஊர் முடிகிற இடத்தில் ஆறு ஏக்கர் நிலம். யாரும் விதைக்காமல், உரம் போடாமல், தண்ணீர் ஊற்றாமல் புல்லும் பூவுமாகத் தானே வளர்ந்து கிடக்கும். எல்லாம் அந்த மண்ணுக்கே உரிய செடிகள். அவற்றை நம்பித் தேனீயும் வண்டும் வண்ணத்துப்பூச்சியும். வழியே போகிறவர்களில் பாதிப் பேர், “என்னங்க இது, காடு மாதிரி கிடக்கு, அழகா வெட்டி விடக்கூடாதா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். “மொதல்ல நீங்க போய் முடிய வெட்டிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்பார் உருட்டுக்காரர். மூக்குக்கு மேல் கோபம் வரும். இதற்காக மேலதிகாரிகளிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

அந்த நிலத்துக்கு ஓர் எதிரி உண்டு. ஊதாக்கதிர் என்று பெயர். எங்கிருந்தோ யாரோ அழகுக்காகக் கொண்டுவந்த செடி. பார்க்க என்னவோ லட்சணமாகத்தான் இருக்கும், நிமிர்ந்த தண்டும் நுனியில் முழ நீளத்துக்கு ஊதாப் பூவுமாக. ஆனால் ஒரே செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும், ஒவ்வொன்றும் தூசி அளவு. நாலைந்து வருடம் விட்டுவைத்தால் சுற்றியிருப்பதையெல்லாம் அமுக்கிவிட்டு அது மட்டும் நிற்கும். இதில் வம்பு என்னவென்றால், ஊதா நிறத்தில் கதிர் விடுகிற சாதுவான செடிகளும் இருக்கின்றன. பூவைப் பார்த்து முடிவுகட்டினால் போச்சு. ஊதாக்கதிரின் தண்டு சதுரம், நாலு விளிம்பு. விரலில் உருளாது, தட்டித் தட்டி நிற்கும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். சாதுச் செடிக்கு உருண்டைத் தண்டு, இலைகள் மாறி மாறி. குருடன்கூடக் கண்டுபிடிக்கலாம், விரல் இருந்தால் போதும்.

சின்னச் செடி என்றால் மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கிவிடலாம். வளர்ந்ததற்குக் கடப்பாரை வேண்டும். வேர் மரக்கட்டை மாதிரி இறுகியிருக்கும், ஒரு துண்டு விட்டாலும் மறுபடி கிளம்பும். எடுத்ததைக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் போட்டு வேகவிட வேண்டும். எல்லாம் முடிந்ததும் உருட்டுக்காரர் நோட்டில் எழுதுவார். நிலம் முழுக்கப் பத்துத் தப்படிக்கு ஒன்றாகக் குச்சி அடித்து எண் போட்டு வைத்திருந்தார். தேதி, குச்சி எண், எத்தனை செடி, இடத்துக்கு ஒரு மாதிரிச் செடி ஒட்டிய பக்கம். ஒட்டுவதற்கு முன் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரி போடுவார். செடியும் காயும், விதை இருந்தால் அதுவும் செத்துத் தொலையும் என்பது அவர் யோசனை. “சட்டைக்கு இஸ்திரி போடுங்கன்னா காதுலயே விழாது. களைக்கு மட்டும் மடிப்புக் கலையாம போட்டுக் குடுக்குறார்” என்று மனைவி தலையிலடித்துக்கொள்வார்.

பூவெளியின் ஒரு கோடியில் வாய்க்கால். அதன் கரையில் புல்வெட்டி வண்டி நிற்கிற கொட்டகை. எதிர்க்கோடியில் முள்செடி படர்ந்த கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வரிசை வீடுகள். மூன்றாவது வீடு அக்கா வீடு.

எட்டு வயது மூத்த அக்கா. அம்மா வேலைக்குப் போன நாட்களில் இவரை இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவர். மதிய நேரத்தில் வேலியின் இடைவெளியில் நுழைந்து, அக்கா வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து டீ குடிப்பது உருட்டுக்காரருக்குப் பல வருடப் பழக்கம். யார் வந்தாலும் அக்கா பெருமையடித்துக்கொள்வார். “என் தம்பி களை எடுத்தா மிச்சம் இருக்காது” என்பார். கேட்கிறவர் மீட்டர் பார்க்க வந்தவராக இருந்தாலும் சரி.

அந்தப் பின்படிக்குப் பக்கத்தில் ஒரு பாத்தி. அதில் ஊதா நிறத்தில் நீளக் கதிர் விடுகிற ஒரு செடி. அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். எங்கோ தூரத்தில் டயர் மாற்ற வண்டியை நிறுத்தியபோது, சாலையோரத்துச் செடியிலிருந்து ஒரு பிடி விதையை உருவி, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு எடுத்து வந்தார். என்ன செடி என்று அவருக்கும் தெரியாது. அதற்கு அடுத்த நடையில் மாரடைப்பு வந்து வண்டியிலேயே போய்விட்டார். அக்கா அந்த விதையைப் போட்டார், முளைத்தது. லாரிப்பூ என்று பெயர் வைத்தார். பத்து வருடம் அதைப் பார்த்துக்கொண்டேதான் தம்பி டீ குடித்தார். அது அக்கா வீட்டுப் பூ, அவ்வளவுதான், சந்தேகமே வந்ததில்லை.

அப்புறம் அந்த வருடம் வந்தது. பூக்கிற மாதத்தில் ஒரு நாள் காலை பார்த்தால், பூவெளி முழுக்க ஊதாக்கதிர். அதுவரை வாய்க்கால் ஓரத்தில் வருடத்துக்கு நாலைந்துதான் தலைகாட்டும். “கிடக்கட்டும், மழை வந்து மண்ணு இளகினதும் எடுத்துக்கலாம்” என்று ஆறப்போட்டு எடுப்பார். இப்போது எண்ணிப் பார்த்தால் எண்ணூற்றுச் சொச்சம். உடனே நகராட்சிக்குச் சொல்லியனுப்பினார்.

தோட்ட அதிகாரி வந்தார், கூடவே சனிக்கிழமைகளில் களையெடுக்க வரும் தன்னார்வலர்கள் நாலைந்து பேர். வேலியோரம் நின்று “எங்கேருந்து வந்துச்சு இது?” என்று அதிகாரி கேட்டார். யாரோ ஒருவர் கையை நீட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வீட்டுப் பாத்தியில், ஊதாப் பூ பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

“அது உங்க அக்கா வீடுல்ல?” என்றார் அதிகாரி. “உங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லுங்க, நான் வேற ஆளை அனுப்புறேன்.”

அந்த ஒரு வார்த்தைதான். சொந்தம் என்று சலுகை காட்டினான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்று உருட்டுக்காரருக்குள் வீம்பு ஏறிவிட்டது. “அக்காவா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன? களைன்னா களைதான்” என்று வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொன்னார். கடப்பாரையும் கறுப்புப் பையுமாகக் கிளம்பினார். ஊர் முழுக்கக் கையுறையைக் கழற்றச் சொன்ன மனிதர், அன்றைக்குத் தன் கையுறையைக் கழற்றவில்லை. எனக்கு இதைச் சொல்லும்போதே ஆத்திரமாக வருகிறது. ஒரு நொடி வேலை ஐயா அது!

அக்கா பின்படியில் நின்றார். பின்னாலேயே அதிகாரி, அவருக்குப் பின்னால் நாலு பேர்.

“என்னடா சொல்ற? இது உங்க அத்தான் கொண்டுவந்ததுடா.”

“தெரியும்க்கா. இதுதான் அங்க பரவியிருக்கு. மொத்தமும் பாழ்.”

“நீ எல்லாத்தையும் உருட்டிப் பாப்பியே. இதப் பாத்தியா?”

“பாக்கவே வேண்டாம். பூவே சொல்லுதே.”

அக்கா, “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். சண்டை போடவில்லை, கத்தவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் பாத்தியில் இறங்கினார். தம்பி கடப்பாரையால் நெம்ப நெம்ப, அக்கா வேரைத் துழாவி எடுத்துப் பையில் போட்டார். “ஒண்ணும் விட்டுடாதடா, அந்தா அங்க ஒரு துண்டு” என்று கைகாட்டினார். உருட்டுக்காரர் மாதிரிக்கு ஒரு செடியை எடுத்துக்கொண்டார். அன்று மாலையே இஸ்திரி போட்டு நோட்டில் ஒட்டி, ‘மூலம்: வேலியோர மூன்றாம் வீடு’ என்று எழுதினார். பெரிய நியாயவான் என்ற நினைப்பு.

இரண்டு மாதத்தில் அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு, வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. உருட்டுக்காரர் இரண்டு முறை போன் செய்தார். “அம்மா படுத்திருக்காங்க மாமா” என்றாள் அக்கா மகள் இரண்டு முறையும். கோபம் என்று நினைத்தார். பேசாவிட்டால் போகட்டும், நான் என் கடமையைத்தானே செய்தேன் என்று இவரும் முறுக்கிக்கொண்டார். இப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்.

இதற்கு நடுவே, வேலியோரத்தில் அக்கா பாத்தியிலிருந்து உதிர்ந்திருந்த விதைகள் முளைத்துக்கொண்டே இருந்தன. விரல் நீளத்துக்கு வரும்போதே உருட்டுக்காரர் பிடுங்கிவிடுவார். முள் குத்துமென்று கையுறையோடுதான். முதல் வருடம் நாற்பத்தேழு, அடுத்த வருடம் பதினொன்று, அதற்கடுத்த வருடம் இரண்டு. நாலாம் வருடம் முழங்கால் தேயத் தேடியும் ஒன்றுகூட இல்லை. ‘வேலியோரம்: பூஜ்யம்’ என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார். மற்ற இடத்திலெல்லாம் ஊதாக்கதிர் பாதிக்குப் பாதிதான் குறைந்திருந்தது. வேலியோரம் மட்டும் சுத்தம். அதைக் காட்டி எல்லோரிடமும் மார்தட்டிக்கொண்டார்.

ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது ஒரு டீச்சரம்மா வந்தார். கல்லூரியில் தாவரப் பாடம் நடத்துபவர். உருட்டுக்காரர் ஓய்வு பெற்றுப் போவதற்குள் அந்த நோட்டில் இருப்பதையெல்லாம் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று வந்தவர். கொட்டகையில் பெஞ்சைப் போட்டு, இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு குச்சி எண்ணாக ஏற்றினார். கடைசியில் திரையை இவர் பக்கம் திருப்பினார். நிலத்தின் படம், செடி இருந்த இடத்திலெல்லாம் ஒரு புள்ளி.

“இதுதான் ஐயா முதல் வருஷம், அந்த எண்ணூறு செடி. ஏதாவது தெரியுதா பாருங்க.”

தெரிந்தது. புள்ளிகள் சிதறி இல்லை. வாய்க்காலிலிருந்து கிளம்பி மேலே போய், திரும்பிக் கீழே வந்து, பட்டை பட்டையாக நின்றன. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே சரியாகப் புல்வெட்டி வண்டியின் அகலம். வாய்க்கால் பக்கம் நெருக்கம், மேலே போகப் போகக் குறைவு, வேலியோரத்தில் விரல்விட்டு எண்ணலாம்.

வருடத்துக்கு ஒரு முறை, கடைசிப் பூவும் விதை உதிர்த்த பிறகு, உருட்டுக்காரர் வண்டியில் புல் வெட்டுவார். கொட்டகை வாய்க்கால் கரையில் இருந்ததால் வெட்டுவதை அங்கேயே ஆரம்பித்துவிடுவார். முந்தின வருடம், மழைக்கு ஆறப்போட்டு இன்னும் எடுக்காமலிருந்த நாலைந்து ஊதாக்கதிரும் விதையும் கையுமாக நின்ற இடம் அது. தூசி அளவு விதை, ஈரச் சேற்றோடு வண்டியின் அடித்தகட்டில் அப்பிக்கொண்டு ஆறு ஏக்கரும் ஊர்வலம் போயிருக்கிறது. வேலை முடிந்ததும் வண்டியைப் பளிச்சென்று கழுவித்தான் வைப்பார், ரொம்பச் சுத்தக்காரர். முடிந்த பிறகு கழுவி என்ன பிரயோஜனம்? சுத்தமான பக்கத்தை முதலில் வெட்டி, களை இருக்கும் பக்கத்தைக் கடைசியில் வெட்ட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

“நான்தானா டீச்சரம்மா?” என்றார்.

டீச்சரம்மா, “இன்னொண்ணும் இருக்கு ஐயா” என்று நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். மூலம்: வேலியோர மூன்றாம் வீடு. “இலையப் பாருங்க.”

இலைகள் ஜோடி ஜோடியாக இல்லை. மாறி மாறி இருந்தன. ஒன்பது வருடத்துக்கு முன் அவர் கையால் இஸ்திரி போட்டு, அவர் கையால் ஒட்டிய பக்கம். உருட்டுக்காரர் அப்படியே வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ‘நீ எல்லாத்தையும் உருட்டிப் பாப்பியே’ என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது. அன்றைக்குக் கேட்டதைவிட இப்போதுதான் நன்றாகக் கேட்டது.

“இது சாதுச் செடி ஐயா. எங்கயாவது நர்சரில விசாரிச்சா கிடைக்கலாம்” என்றார் டீச்சரம்மா, மனசு கேட்காமல்.

“கடைச்செடி வேணாம்மா. அது அக்கா செடி ஆகாது.”

அன்றிலிருந்து மனிதர் பைத்தியம் பிடித்தவர் போல வேலியோரத்தில் தேட ஆரம்பித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, கையுறை இல்லாமல், குச்சி குச்சியாக. விரலெல்லாம் முள் கிழித்தது. முளைவிட்ட ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்தார். அது அவர் பிடுங்கிய இடமாயிற்றே, எப்படி இருக்கும்? அக்கா காலி செய்த வீட்டில் இப்போது குடியிருப்பவர்கள் அந்தப் பாத்தியின் மேல் சிமென்ட் பூசிவிட்டிருந்தார்கள். அதையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு நோட்டு ஞாபகம் வந்தது. ஒட்டியிருந்த கதிரை வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஊசியால் சுரண்டினார். பதினேழு விதை விழுந்தது. உலகமே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. தட்டில் மண் பரப்பி, விதைத்து, ஜன்னலோரம் வைத்துத் தேக்கரண்டியால் தண்ணீர் விட்டார். ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். மனைவி தினமும் கூடவே வந்து எட்டிப் பார்ப்பார். கடைசியில் ஒரு நாள், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏங்க, இதுக்கும் இஸ்திரி போட்டுத்தானே ஒட்டியிருப்பீங்க?”

உருட்டுக்காரர் கையிலிருந்த தேக்கரண்டியைக் கீழே வைத்தார். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொட்ட மனசு வராமல் அடுப்படி மூலையில் வைத்தார்.

ஓய்வு பெற்ற மறுநாள் உருட்டுக்காரர் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலாவது மாடி. கதவைத் திறந்த அக்கா மகள், “மாமா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. அகலமான பால்கனி, நல்ல வெயில். கொடியில் துணிதான் காய்ந்தது, ஒரு தொட்டிகூட இல்லை.

“வாடா” என்றார் அக்கா, நேற்றுப் போனவன் இன்று வந்த மாதிரி. “இளைச்சுட்ட.”

“என்னக்கா, ஒரு செடிகூட வெக்கலையா?”

“பயமா இருக்குடா” என்றார் அக்கா மெதுவாக. “எது எங்க போய்ப் பரவுமோ. உன் நிலத்தையே நாசம் பண்ணிட்டேன். நீ அத்தனை வருஷம் பாத்துப் பாத்து வெச்சிருந்தது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்கிட்ட பேசுறது? போன் வந்தா கை வர மாட்டேங்குது.”

கோபம் இல்லை! ஒன்பது வருடமாகக் கோபமே இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். உருட்டுக்காரர் தரையில், அக்காவின் காலடியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். வண்டியைச் சொன்னார், வாய்க்காலைச் சொன்னார், புள்ளிகளைச் சொன்னார், மாறி மாறி இருந்த இலைகளைக் காட்டினார். எதையும் மழுப்பவில்லை. “நீ இல்லக்கா. நான்தான். அன்னிக்கு ஒரு தடவை உருட்டிப் பாத்திருந்தா போதும். நாலு பேர் பாக்குறாங்கன்னு பாக்காம விட்டுட்டேன்.”

அக்கா, தட்டையாகக் காய்ந்துபோயிருந்த தண்டை ஒரு விரலால் தடவினார்.

“அப்போ நான் எதையும் கெடுக்கல.”

“இல்லக்கா.”

“உங்க அத்தான் கொண்டுவந்தது நல்ல செடிதான்.”

“நல்ல செடிதான்கா.”

அக்காவின் முகம் மலர்ந்தது. ஒன்பது வருடச் சுமை இறங்கிய முகம். ஆசையோடு தம்பி பக்கம் குனிந்தார். “அப்படின்னா வேலியோரம் எங்கயாவது முளைச்சிருக்குமேடா? அந்தப் பக்கம் விதை நிறைய விழுமே. ஒரு சின்னக் கன்னு போதும். இங்க வெயில் நல்லா வருது.”

உருட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. “தேடிப் பாத்துட்டேன்கா. ஒண்ணுகூட இல்ல. அதுவும் களைன்னு நெனச்சு, வருஷா வருஷம் நான்தான் எடுத்தேன்.”

பால்கனியில் காய்ந்த துணி காற்றில் அசைந்தது. உள்ளேயிருந்து அக்கா மகள் டீயோடு வந்து நின்றாள்.

“ஆமா” என்றார் அக்கா. கையை நீட்டித் தம்பியின் தலைமேல் வைத்தார். “நீ களை எடுத்தா மிச்சம் இருக்காதே.”

அந்த வார்த்தையை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அழுதார்.